குமிழியோடு வீடு திரும்பியவரின் வீட்டாருக்கு

விழித்திரை விலகலுக்குச் சிகிச்சை முடிந்து, கண்ணுக்குள் வாயுக் குமிழியோடு ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாருக்கு,



டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாளே வீட்டில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு டாக்டர் சொன்னாரே, அப்புறம் ஏன் ஒண்ணுமே தெரியலங்கறாரு?" கேட்பவர் மனைவியாக இருக்கலாம், விசாரிக்க வந்த சித்தப்பாவாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து விழித்திரை மறுபடி விலகியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பேச்சின் முனை நோயாளியின் பக்கம் திரும்பும். "அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், குப்புறப் படுங்கன்னு. கேட்டாத்தானே?"

இந்த இரண்டு பேச்சையும் பற்றித்தான் இந்த மடல். முதலாவது, விவரம் தெரியாததால் வரும் பயம். இரண்டாவது, பெரும்பாலும் அநியாயம்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரை உள்பக்கமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். கண்ணின் நடுவே நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் வயதாக ஆக நீர்த்துச் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது விழித்திரையை ஓரிடத்தில் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டால், நீர்த்த கூழ் கிழிசல் வழியாகப் பின்னால் புகுந்து படலத்தைச் சுவரிலிருந்து பெயர்க்கத் தொடங்கும். கண் ஓரத்தில் பளிச்சென்று வெட்டும் ஒளி, திடீரென்று கொத்தாக மிதக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து மூடிக்கொண்டே வரும் திரை என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும். வலி இருக்காது. வலிக்காததாலேயே நாலு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். ஆண்டுக்குச் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

நூறாண்டுக்கு முன் இந்த நோய் வந்தால் அந்தக் கண் போனதென்றே கணக்கு. 1912இல் டெரிக் வெயில் என்பவர் அமெரிக்கக் கண் மருத்துவர்களிடம் எழுதிக் கேட்டுத் தொகுத்த விவரப்படி, குணமானவர்கள் ஆயிரத்தில் ஒருவர். நோயாளியை இருட்டறையில் வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தார்கள். கிழிசல்தான் நோய்க்குக் காரணம், அதைக் கண்டுபிடித்து அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல்ஸ் கொனான் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. சக மருத்துவர்கள் பலர் அவரை நம்பப் பல ஆண்டு ஆயிற்று. இன்று உங்கள் வீட்டவருக்குச் செய்யப்பட்ட எல்லாச் சிகிச்சைக்கும் அடியில் இருப்பது அவர் சொன்ன அந்த ஒரே விஷயம்: கிழிசலைத் தேடு, அதை மூடு.

மூடும் வேலையில் குமிழிக்கு என்ன பங்கு? கண்ணுக்குள் காற்றைச் செலுத்திப் பார்ப்பது 1911இலேயே ஜெர்மனியில் ஓம் என்ற மருத்துவர் முயன்றதுதான். ஆனால் வெறும் காற்று சில நாளில் கரைந்துவிடும். 1973இல் அமெரிக்காவின் மயாமியில் எட்வர்டு நார்ட்டன், சல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்ற வாயுவைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். துணை மின்நிலையங்களில் சர்க்யூட் பிரேக்கருக்குள் அடைக்கும் அதே வாயுதான். எதனோடும் எளிதில் வினைபுரியாது, ரத்தத்தில் மெதுவாகவே கரையும். தூய நிலையில் கண்ணுக்குள் போனால் ஓரிரு நாளில் இரு மடங்காக விரிந்து, சுமார் இரண்டு வாரம் தங்கும். பிறகு வந்த பெர்புளூரோபுரொப்பேன் நான்கு மடங்கு விரியும், ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும். எந்த வாயு, எவ்வளவு நாள் இருக்கும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த ஒரு தகவலை வைத்துத்தான் அடுத்த சில வாரங்களின் பயமும் நிம்மதியும் இருக்கிறது.

குமிழி விழித்திரையை ஒட்டவைப்பதில்லை. கிழிசலின் வாயை உள்பக்கமிருந்து அடைத்து, மேற்கொண்டு நீர் புகாமல் தடுக்கிறது. ஏற்கெனவே பின்னால் தேங்கிய நீரை, விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமிச் செல்கள் தாமே உறிஞ்சி வெளியேற்றுகின்றன. கிழிசலைச் சுற்றி லேசரோ, உறையவைக்கும் க்ரையோவோ போட்ட வடு இறுகி நிரந்தரப் பிடிப்பாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை குமிழி காவல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

இதை இரண்டு வழிகளில் செய்கிறார்கள். விட்ரெக்டமியில் ஆபரேஷன் தியேட்டரில் கூழை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தை வாயுவால் நிரப்புவார்கள். மற்றது, 1986இல் ஜார்ஜ் ஹில்டனும் கிரிசார்டும் அறிமுகப்படுத்திய நியூமாட்டிக் ரெட்டினோபெக்ஸி. கண்ணை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் சிறிதளவு வாயுவைச் செலுத்தி, சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது எல்லாருக்கும் ஏற்றதன்று. கிழிசல் கண்ணின் மேல்பாதியில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும்.

பலன் என்ன என்ற கேள்விக்கு வருவோம். இந்தச் சிகிச்சையின் முடிவைச் சொல்ல எப்போதும் இரண்டு எண்கள் தேவை. முதல் முறையிலேயே ஒட்டியது எத்தனை பேருக்கு, கடைசியில் ஒட்டியது எத்தனை பேருக்கு. 1989இல் வெளியான, 198 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், ஊசி வழியாக வாயு செலுத்தியவர்களில் 73 சதவீதம் பேருக்கு ஒரே சிகிச்சையில் ஒட்டியது. கண்ணைச் சுற்றி சிலிக்கோன் பட்டை வைக்கும் பழைய அறுவையில் அது 82 சதவீதம். தேவைப்பட்டவர்களுக்கு மறுசிகிச்சையும் செய்து முடித்தபோது இரண்டு பக்கமும் 98, 99 சதவீதத்தில் வந்து நின்றன. 2019இல் கனடாவின் டொரண்டோவில் இருந்து வந்த பைவட் ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. 176 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்ததில் முதல் முறையிலேயே ஒட்டியது ஊசிச் சிகிச்சையில் 80.8 சதவீதம், விட்ரெக்டமியில் 93.2 சதவீதம். இறுதிக் கணக்கு இரண்டிலும் 98 சதவீதத்துக்கு மேல்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊசிச் சிகிச்சை செய்துகொண்ட ஐந்து பேரில் ஒருவருக்கு இரண்டாவது முறை ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது. தேர்ந்த மருத்துவர்கள் மிகக் கவனமாக ஆள் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்விலேயே இந்த நிலை. ஆகவே உங்கள் வீட்டில் இரண்டாவது சிகிச்சை தேவைப்பட்டால், யாரோ எங்கோ தப்புச் செய்துவிட்டார்கள் என்று உடனே பொருள் கொள்ள வேண்டியதில்லை. அது அந்தச் சிகிச்சையின் பாதையிலேயே இருக்கிற ஒரு திருப்பம்.

அப்படியானால் முதல் முறையிலேயே அதிகம் ஒட்டுகிற விட்ரெக்டமியை எல்லாருக்கும் செய்துவிடலாமே என்று தோன்றும். டொரண்டோ ஆய்வின் மறுபக்கம் அங்கேதான் முக்கியம். ஓராண்டு முடிவில் பார்வைப் பலகையில் ஊசிச் சிகிச்சைக்காரர்கள் சராசரியாக 79.9 எழுத்து படித்தார்கள், விட்ரெக்டமி செய்துகொண்டவர்கள் 75.0 எழுத்து. கோடுகள் வளைந்து தெரியும் தொல்லையும் முதல் பிரிவினருக்குக் குறைவாக இருந்தது. இயற்கை லென்ஸ் இருந்தவர்களில், ஓராண்டுக்குள் கண்புரை அறுவை தேவைப்பட்டது விட்ரெக்டமி பிரிவில் 65 சதவீதம் பேருக்கு, மற்றதில் 16 சதவீதம் பேருக்கு. ஒட்டுவது ஒன்று, பார்ப்பது வேறொன்று. உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியதே இதற்காகத்தான். "சக்ஸஸ்" என்று மருத்துவர் சொல்லும்போது பெரும்பாலும் விழித்திரை ஒட்டிவிட்டதைச் சொல்கிறார். வீட்டார் காதில் அது "பார்வை வந்துவிட்டது" என்று விழுகிறது.

பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் மேக்குலா. எழுத்துப் படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் விழித்திரையின் நடுவில் உள்ள அந்தச் சிறு பகுதியின் வேலை. விலகல் மேக்குலாவை எட்டுவதற்கு முன் சிகிச்சை நடந்திருந்தால், பழைய பார்வையே கிட்டத்தட்ட மிஞ்சும் வாய்ப்பு அதிகம். மேக்குலாவும் பெயர்ந்த பிறகு வந்தவர்களுக்கு எத்தனை நாள் பெயர்ந்திருந்தது என்பது பெரிய கணக்கு. மூன்று நாளும் மூன்று வாரமும் ஒன்றல்ல. விழித்திரை கச்சிதமாக ஒட்டியும் பார்வைப் பலகையில் 6/24க்கு மேல் ஏறாத கண் உண்டு. கதவுச் சட்டம் லேசாக வளைந்து தெரியும், ஒரு கண்ணில் உருவம் சற்றுச் சிறிதாகத் தெரியும். இந்தக் குறைகள் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகிக்கொண்டே வரும். மூன்றாவது வாரத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "மேக்குலா ஒட்டியிருந்ததா, பெயர்ந்திருந்ததா?"

குமிழி உள்ளே இருக்கும்போது நோயாளிக்கு என்ன தெரிகிறது என்பதும் வீட்டாருக்குத் தெரிய வேண்டும். கண் நிறைய வாயு இருக்கும் முதல் நாட்களில் வெளிச்சமும் கையசைவும் மட்டும் தெரியும். வாயு வழியாக ஒளி வளையும் விதமே வேறு என்பதால் அப்படி. இயற்கை லென்ஸ் உள்ளவர் விரலைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனால், ரேகைகள் வியக்கும்படி தெளிவாகத் தெரிவதும் உண்டு. வாயு அவரைத் தற்காலிகமாகக் கடும் கிட்டப்பார்வைக்காரர் ஆக்கியிருக்கிறது, அவ்வளவுதான். நாள் போகப் போக மேலிருந்து காட்சி தெளியத் தொடங்கும். குமிழி உண்மையில் கண்ணின் மேல்பகுதியில்தான் மிதக்கிறது. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் நோயாளிக்கு அது கீழே தேங்கிய நீர் போல் தெரியும். நடுவே ஒரு கோடு ஓடும். கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டத்தில் போல், தலை சாய்ந்தால் அதுவும் ஆடி மறுபடி நேராகும். கோடு தினமும் கொஞ்சம் இறங்கும். கடைசியில் ஒரு கரிய வட்டமாகி, சிலருக்கு இரண்டு மூன்று மணிகளாக உடைந்து, ஒருநாள் காலையில் காணாமல்போகும்.

ஆடுகிற கோட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஆடாத நிழலுக்குப் பயப்பட வேண்டும். தலையை அசைத்தாலும் இடம் மாறாமல் ஒரு பக்கத்திலிருந்து திரை போல் வளர்கிற இருட்டு, புதிதாக வெட்டும் ஒளி, கண்ணில் கடும் வலியோடு தலைவலி, வாந்தி. இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். கடைசியில் சொன்ன மூன்றும் கண் அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

இனி அந்தப் பழிச்சொல். குமிழி மேல்நோக்கி மிதக்கும். ஆகவே கிழிசல் மேல்பக்கம் வருகிறபடி தலையை வைக்க வேண்டும். கிழிசல் உச்சியில் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். வலக்கண்ணின் வலப்புறம் என்றால் இடப்பக்கம் ஒருக்களிக்க வேண்டும். எல்லாரும் குப்புறப் படுக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய டாக்டர் சொன்ன நிலை உங்கள் வீட்டவருக்குப் பொருந்தாமல் போகலாம். மல்லாந்து படுப்பது மட்டும் பொதுவாக எல்லாருக்கும் விலக்கு. குமிழி லென்ஸில் போய் முட்டிப் புரையை வரவழைக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். தலை நிலை உண்மையிலேயே முக்கியம். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மேக்குலா பெயர்ந்தவர்கள் அறுவைக்குப் பிறகு முகம் கீழாக இருந்தபோது விழித்திரை இடம் பிசகி ஒட்டியது 42 சதவீதம் பேருக்கு. கிழிசலைத் தாங்கும் நிலையில் மட்டும் இருந்தவர்களில் அது 58 சதவீதம்.

ஆனால் மீண்டும் விலகியவர்கள் எல்லாரும் தலையைச் சரியாக வைக்காதவர்கள் என்பது பொய். ஊசிச் சிகிச்சை தோற்பதற்கு முதன்மைக் காரணம், புதிதாக ஏற்பட்ட கிழிசலோ முதலில் கண்ணுக்குப் படாமல்போன கிழிசலோ. கூழ் இன்னும் உள்ளே இருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது, அதை நோயாளி எப்படித் தடுப்பார்? விட்ரெக்டமிக்குப் பின் பெரிய எதிரி, விழித்திரையின் மேல் வடுத்திசு படர்ந்து சுருங்கி இழுப்பது. விலகல் வந்தவர்களில் ஐந்து முதல் பத்து சதவீதம் பேருக்கு அது வருகிறது. உடம்பு காயத்தை ஆற்றுகிற முயற்சியே எல்லை மீறிப் போவதுதான் அது. இரவில் தூக்கத்தில் அரை மணி நேரம் புரண்டு படுத்ததால் வருவதன்று. அறுபது வயதுக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் அடுக்கிய தலையணைகளில் நெற்றியைச் சாய்த்து, கழுத்து இறுகி, முதுகு கடுத்து, சாப்பாட்டுத் தட்டைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வாரம் இருந்திருக்கிறார். அவரிடம் போய் "நீங்க ஒழுங்கா இருந்திருந்தா" என்று தொடங்குவது கொடுமை. கழுத்தைப் பிடித்துவிடுங்கள், செய்தித்தாளை வாசித்துக் காட்டுங்கள், சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள். அதுதான் வீட்டார் செய்ய முடிகிற வைத்தியம்.

இந்த இருட்டு நாட்களைக் கடந்து வந்த ஒருவரைச் சொல்கிறேன். 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டான் கிரென்ஷா, 2012இல் ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து வலக்கண்ணை இழந்தவர். 2021 ஏப்ரலில் மிஞ்சியிருந்த இடக்கண்ணின் விழித்திரை விலகியது. அவசர அறுவை, உள்ளே வாயுக் குமிழி, முகம் கீழாகப் படுக்கை. ஒரு மாதம்போல் தமக்குக் கண் தெரியாது என்று அவரே வெளிப்படையாக அறிவித்தார். பிறகு வேலைக்குத் திரும்பினார். ஒரே கண் உள்ளவருக்கும் அந்த இருட்டு மாதம் கடந்துபோகிற ஒன்றுதான் என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலையைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. குமிழி முழுவதும் கரையும்வரை விமானம் கூடாது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஊட்டி பஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை 411 மீட்டரில். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், குமிழி விரியும். கோவையிலிருந்து உதகைக்கு ஏறினால் ஏறக்குறைய கால் பங்கு விரிய வேண்டியிருக்கும். மூடிய கண்ணுக்குள் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி, விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியே அடைபடலாம். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்து, கீழே வந்து சிகிச்சை செய்துகொண்டவர்கள், எத்தனை நாள் சமவெளியில் தங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு உறவினர் வீட்டிலோ அறையிலோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இலங்கையின் நுவரெலியாக்காரர்களுக்கும் இதே விதிதான். தங்கவே முடியாது என்றால் அதை அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். வாயுவுக்குப் பதிலாக சிலிக்கோன் எண்ணெய் வைக்கும் வழி இருக்கிறது. அதைப் பின்னர் இன்னொரு அறுவை செய்து எடுக்க வேண்டும், ஆனால் மலையேறினால் விரியாது.

இன்னொரு ஆபத்து நைட்ரஸ் ஆக்சைடு. மயக்க மருந்தோடு கொடுக்கும் இந்த வாயு ரத்தத்திலிருந்து குமிழிக்குள் வேகமாகப் புகுந்து அதை ஊதிவிடும். விட்ரெக்டமி முடிந்து 30 நாள்வரை ஆன பிறகும், வேறு அறுவைக்காக இதைக் கொடுத்ததால் பார்வை பறிபோனவர்கள் பற்றி 2002இல் மயக்கவியல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு இருக்கிறது. வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து அவசரமாகத் தூக்கிப்போகும் வேளையில் நோயாளி இதைச் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். அதனால்தான் சில மருத்துவமனைகள் மணிக்கட்டில் பட்டை கட்டி அனுப்புகின்றன. குளிக்கும்போது தொந்தரவாக இருக்கிறதென்று அதைக் கத்தரித்துப் போடாதீர்கள். பட்டை தரப்படவில்லை என்றால், கண்ணில் வாயு இருக்கிறது, நைட்ரஸ் ஆக்சைடு கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

குமிழி கரைந்த பிறகு பார்வை தெளிந்து, ஓராண்டு ஈராண்டில் மறுபடி மங்கினால் கலங்க வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விட்ரெக்டமிக்குப் பிறகு கண்புரை வருவது வழக்கமாக எதிர்பார்ப்பதுதான். அதை எடுத்துவிட்டால் பார்வை தெளியும். புரைதானா என்று ரெட்டினா மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நோயாளியின் இன்னொரு கண். பிரிட்டன் பிரதமராக இருந்த கோர்டன் பிரவுன் 16 வயதில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு, விழித்திரை விலகி, பல அறுவைக்குப் பிறகும் இடக்கண்ணை இழந்தார். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருந்தவர் அவர். சில ஆண்டு கழித்து வலக்கண்ணிலும் அதே அறிகுறி தெரிந்தபோது இந்த முறை உடனே மருத்துவமனைக்கு ஓடினார். எடின்பரோவில் ஹெக்டர் சாவ்லா என்ற மருத்துவர் செய்த அறுவையால் அந்தக் கண் தப்பியது. ஒரு கண்ணில் விலகல் வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மறுகண்ணிலும் வருகிறது. அந்தக் கண்ணின் பாவையையும் விரியவைத்துப் பார்த்தார்களா, பலவீனமான இடம் ஏதாவது இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். கூடவே, கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போட்ட மகனோ மகளோ வீட்டில் இருந்தால், அவர்களையும் அதே நாளில் அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.